கை படாத காசு

முதல் பையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கும்போது மணி இரண்டே கால். வீட்டுக்காரர் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார் என்று அமிர்தவல்லி நினைத்தாள். ஏறியிருக்க மாட்டார், காட்டூர் ஸ்டாப்பிங்கில்தான் நிற்பார், பஸ் வந்தாலும் உட்கார இடமில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருப்பார், முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸுக்குள்ளேயே நின்ற கால் இனிமேல் நிற்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கறுப்பு வெல்வெட் துணியை மேசைமேல் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டாள். விளக்கைப் போட்டாள். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மேலே ஃபேன்கூட இல்லாமல் ஒரு விளக்கு. ஃபேன் போட்டால் தூசி பறக்கும். கழுத்தில் வேர்வை இறங்கியது. பையைக் கவிழ்க்கக் கூடாது, கவிழ்த்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடிபடும். இரண்டு விரலை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். ஒரு பையில் நூறு காசு. மூன்று பை. இந்த வருஷம் அச்சான இருபது ரூபாய்க் காசு, அச்சடித்த இடத்தில் கட்டியது கட்டியபடியே, நேற்றுக் காலை பேங்க் வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியது. மனுஷக் கை இதுவரை பட்டதில்லை. முதல் காசை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்தாள். வெளிச்சம் அதன்மேல் சக்கரம்போலச் சுற்றி ஓடியது. நல்ல ஓட்டம். லென்ஸை வலது கண்ணில் வைத்தாள், சிங்கத்தின் தாடைக்குக் கீழே ஒரு வெட்டு. ஒதுக்கு. இரண்டாவது, வெளி வளையத்தில் அடி. ஒதுக்கு. சரி என்று சொல்லிவிட்டோமே. மூன்றாவது காசு கையில் இருக்கும்போது அந்த நினைப்பு வந்தது. அவர் கேட்டதற்கு, இல்லை, அவர் எதுவும் கேட்கவே இல்லை, "நீ வந்து என்ன பண்ணப்போற அமிர்தம், ஆஸ்பத்திரியில ஒரு காயிதம் வாங்கற வேலைதானே, உனக்குத்தான் இன்னிக்கு இந்தக் காசு வேலை இருக்கே" என்றார், அவர் வாய் மூடுவதற்குள் இவள் "சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு சகாயராஜ் வருவார். அதனால்தான். வேறு எதனாலும் இல்லை. சகாயராஜ் காவிரிக்கரை நாணயச் சங்கத்தின் செயலாளர், மருந்துக்கடை வைத்திருந்தவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு இப்போது நாள் முழுக்கச் சங்கம்தான். திருச்சியிலிருந்து போட்டிக்குப் போகும் காசுகளை எல்லாரிடமும் வாங்கி ஒரே பெட்டியாகக் கட்டி மும்பைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அங்கே தரம் பார்க்கிறவர்கள் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து எழுபதுக்கு இவ்வளவு என்று எண் போடுவார்கள். அப்புறம் காசைக் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் வில்லைக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள், அதற்குமேல் உலகத்தில் யாரும் அதைத் தொட முடியாது. மேலே ஒரு லேபிள் இருக்கும், என்ன காசு, எந்த வருஷம், என்ன எண் என்று. எல்லாருக்கும் வெள்ளை லேபிள். அந்த வருஷத்துப் புதுக்காசில் எல்லாவற்றையும்விட அதிக எண் வாங்கிய ஒரே ஒரு காசுக்கு மட்டும் நீல லேபிள், அதில் அதைக் கண்டெடுத்தவர் பெயரும் அச்சாகும். போன வருஷம் இவளுக்கு அறுபத்தேழு. சேலத்துக்காரர் ஒருவருக்கு அறுபத்தெட்டு. அவர் பெயரை நீல லேபிளில் எழுத்தெழுத்தாகத் திரும்பப் படித்தாள், அறுபத்தோரு வயசில் இப்படி ஒரு பொறாமையா என்று தனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருஷம் இவளுக்குப் பெயர் கிடையாது. ஆபரேட்டர் பதினேழு. ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த கேடயத்தில்கூட அமிர்தவள்ளி என்று தப்பாக அடித்திருந்தார்கள். பதினாலாவது காசு, இருபது என்ற எண்ணின் சுழியத்துக்குள் மயிரிழை போல ஒரு கீறல். ஒதுக்கு. இப்படிப் பத்து வருஷமாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். கண் எரிகிறது, முதுகில் இந்த இடம் குத்துகிறது. போன வருஷம் பெட்டி அனுப்பியதும் இனிமேல் போதும் என்று சொன்னாள், அதற்கு முந்தின வருஷமும் சொன்னாள். வீட்டுக்காரர்தான் பேப்பரில் பார்த்து, புதுக்காசு வந்துருச்சாம், நாளைக்குக் குடுக்கறாங்களாம் என்று வந்து சொல்வார். நேற்றும் கூடவே வந்து வரிசையில் நின்றார். ஆளுக்கு இரண்டு பை என்றார்கள். இவள் இரண்டு வாங்கினாள், அவர் முறை வரும்போது ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே படியிறங்கினார். முன்னால் நின்ற பெண்பிள்ளை திரும்பி அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தியது. இவள் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பையின் முடிச்சைச் சரிபார்த்தாள்.

ஒதுக்கிய காசுகள் ஒரு எவர்சில்வர் சட்டியில் விழுந்துகொண்டிருந்தன. அவை எல்லாம் அவருக்கு. உன் பரீட்சையில ஃபெயிலானதெல்லாம் எங்கிட்டத்தான் வந்து சேரும் என்பார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பால்காரரிடம், கீரைக்காரியிடம், பஸ்ஸில் எல்லாம் கொடுப்பார். பஸ்ஸில் கொடுக்கும்போது கண்டக்டர் பையன்கள் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவரும் கண்டக்டராக இருந்தவர்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடி வரைக்கும். மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட், பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், பெல், இந்த வரிசையை ஒரு நாளைக்கு எட்டு நடை கத்துவார். கல்யாணமான புதிதில் வேலை முடிந்து வந்தால் அவர் கையில் ஒரு வாசனை இருக்கும். ஆயிரம் பேர் கை பட்ட காசின் வாசனை, துருவும் வேர்வையும் வெற்றிலையும் சேர்ந்தது. சோப்புப் போட்டாலும் போகாது, விரல் நுனி எல்லாம் கறுத்திருக்கும். அந்தக் கை தோள்மேல் படும்போது இவள் மூச்சைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துபோயிற்று. மூன்றாம் மாசமோ நான்காம் மாசமோ, வந்ததும் நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய்ப் புளியைக் கரைத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார், பாத்திரம் தேய்ப்பதுபோல, முழங்கை வரைக்கும். முப்பது வருஷம் தேய்த்தார். எதற்கு என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கை படாத காசு வேண்டுமாம். ஐம்பத்தாறாவது. சிங்கம் சுத்தம். வளையம் சுத்தம். திருப்பினாள், கதிர் போட்ட இடத்தில் புள்ளியாக ஒரு பள்ளம். ஒதுக்கு. தை மாசம் சளி என்றார். மாசியில் தொண்டைக்கட்டு என்றார், மிளகுப்பால் குடித்தார். பங்குனியில் அவர் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தாள், டிவியில் அவருடைய தொண்டை தெரிந்தது, சிவப்பாக ஈரமாக ஒரு குகை, அதில் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளையாக, சிறியதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. லென்ஸ் இல்லாமலே இவளுக்குத் தெரிந்தது. பழகிய கண். கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், பத்து நாள் என்றார்கள், இன்றைக்கு மூன்று மணிக்கு மேல் வாங்கிக்கொண்டு ஆறு மணிக்குள் டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டாவது பை. மணி மூன்று ஐந்து. இந்நேரம் வாங்கியிருப்பார். வாங்கியதும் போன் பண்றேன் என்றார். போன் மேசை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போயிற்று. அடிக்காமல் இருந்தால் நல்லது. அடித்தால் முதல் விநாடியிலேயே தெரிந்துவிடும் என்று எப்போதும்போல நினைத்தாள், அப்புறம்தான் உறைத்தது, தெரியாது. டிரங்க் கால் போட்ட காலத்தில் லைன் சேர்ந்துவிட்டதா என்று ஒரே ஒரு விநாடி காது கொடுக்க வேண்டும், அது விதி, அதற்குமேல் கேட்கக் கூடாது. அந்த ஒரு விநாடி இவளுக்குப் போதும். ஹலோ என்பதற்கு முன்னால் எடுக்கும் மூச்சிலேயே சாவா பிறப்பா என்று தெரிந்துவிடும். ஒரு தடவை அறந்தாங்கியிலிருந்து ஒரு ஆள், துபாய்க்கு, எவ்வளவோ நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது, அவன் பேசவே இல்லை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், அந்தப் பக்கத்திலிருந்த பெண் உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். இவள் அந்தக் குரலைக் காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு அடுத்த நம்பரைப் போட்டாள். அப்படிக் கழற்றிக் கழற்றித்தான் முப்பத்து நான்கு வருஷம் ஓட்டினாள், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று எல்லாரிடமும் சொல்வாள். ஆனால் இவருடைய குரலை மட்டும் கழற்றி வைத்ததில்லை. டிப்போவிலிருந்து போன் பண்ணி அமிர்தம் என்றால் போதும், ஓவர் டைமா, சண்டையா, கலெக்ஷன் குறைந்ததா, எல்லாம் தெரியும். இப்போது அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் ஒரே கரகரப்பு, தகரத்தை இழுப்பதுபோல. இன்றைக்கு போன் அடித்தால் மற்ற எல்லாரையும்போல இவளும் அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுதான் பயமா. அது மட்டும் இல்லை. நேற்று ராத்திரி படுத்திருக்கும்போது அவருடைய பென்ஷன் காகிதம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனசு தானாகத் தேடிற்று. மேல்தட்டு, பச்சை ஃபைல். கண்டுபிடித்துவிட்டு, எதற்குத் தேடினோம் என்று புரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஓசூரில் இருக்கும் மகள் வெண்ணிலாவிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்ததும் சொல்லலாம் என்று அவர் சொன்னார். அதற்கும் சரி என்றாள். எல்லாவற்றுக்கும் சரி. செருப்பை மாட்ட இன்றைக்கு ஏன் அவ்வளவு நேரமாயிற்று அவருக்கு. வாசலில் குனிந்தார், நிமிர்ந்தார், பட்டையை இழுத்தார், மறுபடி குனிந்தார். அந்தச் செருப்பில் பட்டையைப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. இவள் இங்கே துணியை விரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டைத் திறக்காமல் நின்றது இந்த ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தெரிந்ததும் ஜன்னலைச் சாத்தினாள். தூசிக்காக.

இரண்டாவது பையில் ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து வாங்கக்கூடியது நாலு, அறுபத்தாறு ஒன்று, அதுவும் சந்தேகம். கையுறையைக் கழற்றி வேர்வையைத் துடைத்து, வேறு ஜோடி மாட்டிக்கொண்டு மூன்றாவதைப் பிரித்தாள். அவர் வாங்கிய பை. மணி மூன்று ஐம்பது. மூன்று மணிக்கு வாங்கியிருந்தால், டாக்டரம்மாவைப் பார்த்திருந்தால், இவ்வளவு நேரம் போன் பண்ணாமல் இருக்க மாட்டார். பண்ணாமல் இருக்கிறார் என்றால். அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினாள். காசு. காசைப் பார். நாணயச் சாலையில் அச்சு ஒரு அறை அறைகிறது, காசு பிறந்து தொட்டியில் விழுகிறது, விழும்போதே முன்னால் விழுந்த காசின்மேல் அடிபடுகிறது. கோடிக்கணக்கில் விழுவதில் எங்கேயோ ஒன்றுதான் ஒன்றிலும் மோதாமல் தப்பி வருகிறது, அதற்கு எந்தத் திறமையும் கிடையாது, மற்றவற்றுக்கு எந்தக் குற்றமும் கிடையாது. மனுஷர்களுக்கும் அப்படித்தானா. பீடி கிடையாது, குடி கிடையாது, வெற்றிலைகூட என்றைக்காவது கல்யாண வீட்டில். டாக்டரம்மா அதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் பேனாவை மூடினாள், காரணம் எல்லாருக்கும் இருக்கறதில்லைங்க என்றாள். முப்பத்து மூன்றாவது காசை எடுத்துச் சாய்த்தபோது வெளிச்சம் எங்கும் தடுக்காமல் ஒரே மூச்சில் சுற்றி வந்தது. மறுபடி சாய்த்தாள். லென்ஸை வைத்தாள். சிங்கத்தின் மூக்கு, பிடரி, பீடத்துச் சக்கரம், எழுத்துக்கள், பன்னிரண்டு பட்டையும் ஒவ்வொன்றாக. திருப்பினாள். எண், கதிர், வளையமும் நடுவட்டமும் சேரும் இடம். எப்போதும் அந்த இடத்தில்தான் ஏதாவது இருக்கும். இல்லை. இடது கண்ணால் பார்த்தாள். இல்லை. பத்து வருஷத்தில் இப்படி ஒரு காசைப் பார்த்ததில்லை. அறுபத்தெட்டு நிச்சயம், அதற்கு மேலேயும் போகலாம். இதைப் பார்க்கும் நாளில் என்ன செய்வோம் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள், கை நடுங்கும், அவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம், அவர் தொடப் போவார், தொடாதீங்க என்று கத்துவோம் என்றெல்லாம். ஒன்றும் நடக்கவில்லை. அலுப்பாக இருந்தது. ரொம்ப தூரம் நடந்து ஒரு கடைக்குப் போனால் எதை வாங்க வந்தோம் என்றே மறந்துபோவது மாதிரி. காசைச் சின்ன உறையில் போட்டு மூடி, நடுவில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் அறுபத்தேழு காசு இருக்கிறது, அதையும் பார்த்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு சகாயராஜ் வந்துவிடுவார்.

போன் அடித்தது. கவிழ்ந்தபடியே மேசையில் அதிர்ந்து நகர்ந்தது. மூன்று தடவை அடிக்க விட்டாள். கையுறையோடு எடுத்ததால் விரல் பட்டும் அது ஏற்கவில்லை, பல்லால் கடித்துக் கையுறையை உருவிப் போட்டாள். "அம்மா, சகாயராஜ் பேசறேன்." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "சொல்லுங்க சார்." "பாத்துக்கிட்டு இருக்கீங்களா, இல்ல முடிச்சிட்டீங்களா?" "ஒண்ணு கெடைச்சிருக்கு." "நல்லதா?" "நல்லதுதான்." "அவசரமே இல்லைங்கம்மா, அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். மும்பைலருந்து மெயில் வந்திருக்கு, அடுத்த வாரம் வரைக்கும் வாங்கறாங்களாம். நான் திங்கக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். நீங்க ரெண்டு நாள் நிதானமா எல்லாத்தையும் பாருங்க. அவசரத்துல பாத்தா நல்ல காசு தப்பிப் போயிரும்." "திங்கக்கிழமையா." "ஆமாம்மா. சார் நல்லா இருக்காரா? அன்னிக்குப் பேசறப்ப தொண்டை ஒரு மாதிரி இருந்துச்சே." "இருக்கார்" என்றாள். "வெளிய போயிருக்கார்." போனை வைத்தாள். அறை அப்படியே இருந்தது, விளக்கு, துணி, சட்டி நிறைய ஒதுக்கிய காசு. ஐந்து மணி என்று ஒன்று இத்தனை நேரம் எதிரில் சுவர்மாதிரி நின்றிருந்தது. இப்போது இல்லை. அது இல்லாமல் போனதும் அதற்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டிருந்தது தெரிந்தது. வேலை இருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது, தன்னிடம்கூட. இரண்டே காலுக்கும் அது சாக்குத்தான், அதுவும் தெரிந்துதான் இருந்தது. நேற்று ராத்திரியே அவருக்கு நீலச் சட்டை எடுத்து வைத்தபோது தனக்குப் புடவை எடுத்து வைக்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள், வராதே என்று சொல்ல அவருக்குத்தான் தெரியுமே, இவள் மூச்சை நிறுத்துவதைப் புளி கரைத்துத் தீர்த்தவர். காகிதத்தில் இருப்பதை அவர் படிக்கும்போது பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தோன்றியிருந்தது இவளுக்கு. வீட்டில் உட்கார்ந்தபடி, முடிந்துபோன விஷயமாக, கடைசியில் கேட்க வேண்டும் என்று இருந்தது. மூன்றாவது பை பாதி திறந்தபடி கிடந்தது. இவள் எழுந்து விளக்கை அணைத்தாள். புடவை மாற்றவில்லை. வாசலில் பூட்டுப் போட இரண்டு தடவை சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது.

ஆட்டோக்காரர் தில்லைநகருக்கு எந்த வழி போகட்டும் என்று கேட்டார், எந்த வழியிலாவது போங்க என்றாள். பால்பண்ணையில் நெரிசல். வெயில் மேற்கே சாய்ந்து நேராக முகத்தில் அடித்தது. அவருக்கு போன் போடலாம். போட்டு, எங்க இருக்கீங்க என்று கேட்கலாம். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். ஒருவேளை திரும்பிப் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாரோ, எதிரே போகும் ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்தாள், நீலச் சட்டை, நீலச் சட்டை, எத்தனை பேர் நீலச் சட்டை போட்டிருக்கிறார்கள். என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது. சகாயராஜ் திங்கக்கிழமைன்னுட்டார், அதான் வந்தேன் என்றா. அப்படியென்றால் இன்றைக்கே வருகிறேன் என்று சகாயராஜ் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாய். வந்திருக்க மாட்டேன். அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மருதாணிக் கோலம் போல அது உடம்பில் எங்கேயோ பிடித்துக்கொண்டது, இனித் தேய்த்தாலும் போகாது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஸ்கூட்டர் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய ஸ்கேன் கவர். வேறு காகிதம் எதுவும் இல்லை. இவள் நடந்து வருவதைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இவள் உட்கார்ந்தாள். "வாங்கிட்டீங்களா?" தலையை ஆட்டினார், இல்லை என்று. "இன்னும் வரலையாமா?" "தெரியல. கேக்கல." "எப்ப வந்தீங்க?" "மூணு இருக்கும்." அந்தக் கரகரப்பை இவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "கவுன்ட்டர்ல கூட்டமா?" "கூட்டமெல்லாம் இல்ல. ரெண்டு தடவை எந்திரிச்சுப் போனேன். அந்தப் பொண்ணு நிமிந்து என்னங்கய்யான்னு கேட்டுச்சு. பாத்ரூம் எங்கம்மான்னு கேட்டுட்டு வந்துட்டேன்." "ரெண்டு தடவையுமா?" "ரெண்டு தடவையும்." சிரிப்பு வந்தது இவளுக்கு. எதிரில் ஒருவன் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தான், அது கிளம்பவில்லை. "எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றாள் அவனைப் பார்த்துக்கொண்டே. "அதான் வரல. காசு வேலையெல்லாம் சும்மா." "தெரியும்." "தெரிஞ்சா வாடின்னு கூப்புட வேண்டியதுதானே." "நான் எதை வச்சுக் கூப்புட. எனக்கும் அதேதான்." ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. "அஞ்சு மணிக்கு மூடிருவாங்க" என்றார். "வாங்க" என்று இவள் எழுந்தாள். அவர் எழ நேரமாயிற்று, முட்டியில் கை ஊன்றி எழுந்தார், இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், வாசல்படி ஏறி, நடையைத் தாண்டி, கவுன்ட்டர் வரைக்கும் விடவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து, இந்தத் தடவையும் பாத்ரூமா என்று கேட்கப்போகிறவள்போல அவரைப் பார்த்தாள். இவள், "பழனியாண்டி, அறுபத்தாறு வயசு, ரிப்போர்ட் வாங்கணும்" என்றாள்.

உறையை டாக்டரம்மாதான் பிரித்தாள். படித்துவிட்டு மேசைமேல் தன் கையை வைத்து மூச்சை இழுத்தாள், இவளுக்கு அந்த மூச்சு போதும். புற்றுதான் என்றாள் டாக்டரம்மா. குரல் நாணில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், அறுக்க வேண்டாம். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, கரன்ட் வைக்க வேண்டும், சனி ஞாயிறு இல்லாமல், திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாம். "நல்லாயிடுமா?" என்று இவள் கேட்டாள். "இந்த ஸ்டேஜ்ல நல்லாயிடறவங்கதான் அதிகம்." "பேச்சு?" என்று அவர் கேட்டார். "வரும். முன்ன மாதிரியே இருக்கும்னு சொல்ல மாட்டேன்." அவர் தலையாட்டினார், ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று சொன்ன ஆளிடம் ஆட்டுவதுபோல. அந்த முப்பத்து மூன்று நாளும் அவள் கூடப் போனாள், காட்டூரிலிருந்து பஸ்ஸில், ஒரு நாள் விடாமல். காசை சகாயராஜ் வந்து வாங்கிப்போனார். அறுபத்தெட்டு வாங்கிற்று. கோலாப்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு அறுபத்தொன்பது. வெள்ளை லேபிளோடு அது தபாலில் வந்த அன்றைக்கு அவருக்கு இருபத்திரண்டாவது நாள், தொண்டை வெந்து கஞ்சிகூட இறங்கவில்லை, பார்சலைப் பிரிக்க அவளுக்கு ஒரு வாரமாயிற்று. ஆனால் அதெல்லாம் அப்புறம். அந்தச் சாயங்காலம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் அவர் டீ குடிக்கணும் என்றார். எதிர்ச்சாரியில் ஒரு கடை. ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது, அவரை உட்காரவைத்து இவள் பக்கத்தில் நின்றாள். காசு கெடைச்சுதா என்று கேட்டார். "ஒண்ணு. நீங்க வாங்குன பையிலருந்து." "அப்படியா" என்றார், அவ்வளவுதான், ஆனால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். சூடு. இவள் கடைக்காரரிடம் வெறும் கிளாஸ் ஒன்று வாங்கி, அவர் டீயை அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்குமாக ஆற்றத் தொடங்கினாள். ரோட்டில் ஆபீஸ் விட்ட கூட்டம் போய்க்கொண்டிருந்தது. வெண்ணிலாவுக்கு இன்னிக்கே சொல்லிரலாம் என்றார் அவர். நான் சொல்றேன் என்றாள். நுரை அடங்கியது, ஆவி நின்றது, கிளாஸ் இரண்டும் கையில் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அவர் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். "போதும் அமிர்தம், ஆறிருச்சு" என்றார். இவள் இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தாள்.